ஹார்ப்: முதல் மாதத்தில் கை தடுமாறும் இடங்கள்

ஹார்ப்பில் எந்தத் தந்தியைத் தொட்டாலும் இனிமையாகத்தான் கேட்கும். வயலினின் முதல் நாள் கீச்சொலி இதில் இல்லை. ஆபத்தும் அதில்தான்: தவறான கைப்பழக்கம் காதுக்கு உறைக்காமலே வேர்விட்டுவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 34 தந்தி லீவர் ஹார்ப்புக்கு (லீவர் என்பது தந்தியின் சுரத்தை மாற்ற மேலே பொருத்திய சிறு நெம்புகோல்). ஆர்கெஸ்ட்ராவில் பார்க்கும் 47 தந்தி, 7 பெடல் கருவி வேறு. (பழந்தமிழரின் வில்யாழும் இந்தக் குடும்பம்தான், முன்தூண் மட்டும் அதற்குக் கிடையாது.) சிவப்புத் தந்திகள் ‘சி’ சுரம், கறுப்போ நீலமோ ‘எஃப்’ சுரம். மற்றவற்றை இந்த இரண்டிலிருந்தே எண்ணிப் பிடிக்க வேண்டும்.

முதலில் சுருதி. எல்லா லீவர்களையும் இறக்கிவிட்டு, ஈ ஃப்ளாட் மேஜரில் (ஈ, ஏ, பி தந்திகள் அரைப்படி தாழ்ந்த, அதாவது ‘ஃப்ளாட்’ ஆன ஸ்கேலில்) சேர்ப்பதே வழக்கம். சி மேஜரில் சேர்த்தால் என்ன? லீவர் சுரத்தை அரைப்படி ஏற்றும், இறக்காது. ஆகவே ஃப்ளாட் வேண்டிய பாட்டு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஈ ஃப்ளாட்டில் சேர்த்த கருவியில் எட்டு மேஜர் ஸ்கேல்கள் கிடைக்கும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: சி-யை ஸட்ஜமாகக் கொண்டால், லீவர் எல்லாம் கீழே இருக்கும்போது நடபைரவி, ஈ, ஏ, பி லீவர்களை ஏற்றினால் சங்கராபரணம், அதோடு எஃப்-ஐயும் ஏற்றினால் கல்யாணி. கமகத்தை மட்டும் இந்தக் கருவியிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரே சுரமானாலும் ஒவ்வொரு ஸ்தாயியிலும் அதற்குத் தனி லீவர் உண்டு. சி-யில் தொடங்கும் 34 தந்திக் கருவியில் எஃப் தந்திகள் ஐந்து. நான்கை ஏற்றி ஒன்றை மறந்தால் அந்த ஸ்தாயியில் மட்டும் அபஸ்வரம் தட்டும். ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) ஈ ஃப்ளாட்டை ‘டி ஷார்ப்’ என்று காட்டினால் பதற வேண்டாம், இரண்டும் ஒரே சுரம். சுருதிச் சாவியைத் தந்தியின் ஆணியில் பொருத்தும்போதுதான் கவனம் வேண்டும். ஒரு தந்தியை மீட்டிக்கொண்டு பக்கத்துத் தந்தியின் ஆணியை முறுக்கினால், ட்யூனர் முள் அசையாது, நீங்கள் மேலும் முறுக்குவீர்கள், பட்டென்று அறுந்துவிடும். தந்தி அறுவதற்கு இதுவும் ஒரு காரணம். புது நைலான் தந்தி பல நாள் நெகிழ்ந்துகொண்டே இருக்கும், தினமும் சேர்க்கத்தான் வேண்டும். ஏசி போட்ட அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தாலும் சுருதி நகரும்.

உட்காரும்போது ஹார்ப்பை உங்கள் பக்கம் மெல்லச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் எடையே தெரியாமல் நிற்கும். அதைத் தாண்டி இம்மியளவு சாய்த்தால் வலது தோளில் லேசாகப் படியும், அதுவே போதும். தந்தி தெரியவில்லை என்று இன்னும் சாய்த்தால் பாரமெல்லாம் தோளுக்கு வரும், கை இறுகும்.

இனி விரல்கள். கட்டைவிரல் 1, மோதிரவிரல் 4, சுண்டுவிரலுக்கு வேலையில்லை. கட்டைவிரல் மேல் நோக்கி நிமிர்ந்தும் மற்றவை கீழ் நோக்கியும் இருக்கட்டும். கட்டைவிரல் தாழ்ந்தால் மற்ற விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்க இடமிருக்காது. மடங்குவதுதான் ஒலியின் உயிர்: தந்தியைத் தூக்கிச் சுண்டாமல், அழுத்தி விட்டுவிட்டு விரல் நேரே உள்ளங்கையைத் தொட வேண்டும். தந்தியின் நடுப்பகுதியில் மீட்டுங்கள். தந்திகள் கீழே பொருந்தியிருக்கும் ஒலிப்பலகைக்கு அருகே போனால் ஒலி தகரம் போல மெலியும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

நான்கு விரல்களையும் நான்கு தந்திகளில் முன்கூட்டியே வைத்துவிட்டு 4-3-2-1 என மீட்டுங்கள். ஆரோகணம் தொடர, 2 மீட்டியதும், 1 இன்னும் தந்தியில் இருக்கும்போதே, 4 அதற்கு அடியில் நுழைந்து அடுத்த தந்தியில் அமர வேண்டும். அதன் பிறகே 1 மீட்டும். இறங்கும்போது 4-க்கு மேலாக 1 தாண்டும். எட்டுச் சுரம் வாசிக்கையில் நடுவே மூச்சு முட்டியது போல ஓர் இடைவெளி கேட்டால், 4 தாமதமாக வந்திருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறையுங்கள், வேறு மருந்து இல்லை.

‘ஜிர்’ என்ற இரைச்சல் வந்தால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியில் விரலைத் தயங்கித் தயங்கி வைத்தால் அது வரும். நகம் பட்டாலும், லீவர் பாதியில் நின்றாலும் வரும். ஒரே தந்தி, விரல் படாத நேரத்திலும் இரைந்தால் மட்டும் லீவரைத் தொழில் தெரிந்தவரிடம் காட்டலாம்.

முதல் வாரங்களில் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. பாத்திரம் துலக்கிய கையோடு உட்காராதீர்கள். ஊறிய தோலில் கொப்புளம் சீக்கிரம் வரும். வந்துவிட்டால் ஆறும்வரை லீவர் ஏற்றி இறக்குவதையும் சுருதி சேர்ப்பதையும் பழகலாம்.