பெல்ஜியத்தில் சித்தப்பா சாப்பிட்டது

எங்கள் சித்தப்பா ஒரு ஊரை மதிப்பிடுவது அந்த ஊர்ச் சாப்பாட்டை வைத்துத்தான். கோயில், கோட்டை, மியூசியம் எல்லாம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் பசியெடுக்க நடக்கிற இடங்கள். திருநெல்வேலியில் கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆக்குப்புரையை எட்டிப்பார்த்துவிட்டு வருகிறவர். அவரும் சித்தியும் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

நிபந்தனைகள் ஏர்போர்ட்டிலேயே அறிவிக்கப்பட்டன. மாட்டுக்கறி ஆகாது. சித்திக்குச் செவ்வாயும் வெள்ளியும் சைவம். "மத்தபடி இந்த ஊர்க்காரன் என்ன திங்கானோ அதையே குடு. இட்லி கிட்லின்னு தேடிக்கிட்டு அலையாத" என்றார் சித்தப்பா.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. முதல் நாளே உருளைக்கிழங்கில் வந்து இடித்தது.

பெல்ஜியத்துக்கு வந்து ஃப்ரீட் சாப்பிடாமல் போனால் அது பாவம். உலகமே அதை ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் என்று சொல்வதில் இவர்களுக்குத் தீராத மனவருத்தம் உண்டு. பின்ட்ஜே என்ற உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு நறுக்கி, முதலில் 150 டிகிரி வாக்கில் நிறம் மாறாமல் வேகவிட்டு எடுத்து, ஆறவைத்து, ஆள் வந்து கேட்டதும் 180 டிகிரியில் இரண்டாம் முறை பொரிப்பார்கள். மேலே மொறுமொறு, உள்ளே மாவு. இதில் ஒரே சிக்கல், பழைய முறைப்படி பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். எல்லாக் கடையிலும் அப்படியில்லை. அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேட்டேன். கவுண்டரில் நின்ற பெரியவரின் முகம் வாடிவிட்டது. தன் தரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார் போல. நெஞ்சில் கைவைத்து, "கவலையே படாதீங்க தம்பி, இந்தக் கடையில எண்ணெய்ங்கற பேச்சுக்கே இடமில்ல. அத்தனையும் சுத்தமான மாட்டுக் கொழுப்பு!" என்றார்.

"என்னலே சொல்லுதாரு?"

"சுத்தமாத்தான் பண்ணுதாராம். வாங்க, அடுத்த கடைக்குப் போவோம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தாவர எண்ணெய்க் கடையைக் கண்டுபிடிக்க ஆற்றங்கரையோரம் நல்ல நடை. ஆனால் சித்தப்பா காகிதக் கூம்பைக் கையில் வாங்கி, குட்டி முள்கரண்டியால் முதல் துண்டைக் குத்தி மயோனைஸில் முக்கி வாயில் போட்ட பிறகு பேச்சே இல்லை. கூம்பு காலியான பிறகுதான், "கிழங்கு நல்லாத்தான் இருக்கு. இந்த ஊர்ல காரம்னு ஒண்ணு கிடையாதோ?" என்று ஆரம்பித்தார்.

இந்தக் கேள்வி அதற்கப்புறம் தினமும் வந்தது. பதில் கென்ட்டிலேயே இருந்தது. க்ரூன்டன்மார்க்டில் டீரென்டெய்ன் என்றொரு பழைய கடுகுக் கடை. 1790ஆம் ஆண்டுச் செய்முறை என்பார்கள், மரப்பீப்பாயிலிருந்து அள்ளி ஜாடியில் போட்டுத் தருவார்கள். அதை வாங்கி வந்து சீஸ் துண்டுகளோடு வைத்தேன். ஓரத்தில் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கரண்டி நிறைய உள்ளே போய்விட்டது. காரம் நாக்கில் நிற்கவில்லை. மூக்கு வழியாக நேராக மூளைக்கு ஏறிவிட்டது. கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். சித்தி எதுவும் பேசாமல் ஜாடியை மூடிவைத்தார். அன்றோடு காரப் பேச்சு நின்றது.

சிப்பிக்குப் போனோம். செலரி, வெங்காயம், கொஞ்சம் வெள்ளை ஒயின் விட்டு அவித்து, ஆளுக்கு ஒரு கிலோ வீதம் சட்டியோடு மேசையில் வைப்பார்கள். கூடவே ஃப்ரீட். பெல்ஜியத்தின் தேசியச் சாப்பாடு என்று மார்தட்டிக்கொண்டாலும் சிப்பி பெரும்பாலும் வருவது பக்கத்து நெதர்லாந்தின் ஸேலாண்டிலிருந்து. இதை இங்கே சத்தமாகச் சொல்லக்கூடாது. கருஞ்சட்டியைப் பார்த்து, "மூணு பேருக்கா இது?" என்றவர், "உங்களுக்கு மட்டும்" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலி ஓடு ஒன்றையே இடுக்கியாக வைத்து அடுத்த சிப்பியின் சதையைக் கவ்வி எடுக்கும் வித்தையைப் பக்கத்து மேசைப் பாட்டியிடம் பார்த்தே படித்துவிட்டார். கடைசியில் சட்டியின் அடியில் கிடந்த சாறையும் விடவில்லை. "ஒயின் ஊத்தினதாச்சே" என்று சித்தி இழுத்ததற்கு, "கொதிச்சா மருந்து" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு.

ஸ்டோஃப்ஃப்ளேஸைச் சொல்லாமல் விட முடியாது. கறுப்பு பியரில் மணிக்கணக்காக வேகும் மாட்டுக்கறி. கடுகு தடவிய ரொட்டித் துண்டை மேலே போட்டு, அது கரைந்தே குழம்பு கெட்டியாகும். பெல்ஜியத்தில் ஒன்றே ஒன்றுதான் சாப்பிட நேரம் என்றால் நான் கைகாட்டுவது அதைத்தான். சித்தப்பா இருந்தவரை எனக்கும் அது விரதம்.

ஆனால் அவரை வீழ்த்தியது வாட்டர்ஸோய். கென்ட்டின் சொந்தச் சரக்கான ஒரு குழம்பு. ஆதியில் மீனில் செய்தது, இப்போது பெரும்பாலும் கோழியில். லீக், கேரட், செலரி, உருளைக்கிழங்கு, க்ரீம், முட்டை மஞ்சள்கரு. வெளுத்த மஞ்சளாக, மிளகாய் வாசமே இல்லாமல் வரும். முதல் வாய் எடுத்தார். கண்ணை மூடினார்.

"ஏலே, இது சொதி."

"சொதியில கோழி ஏது சித்தப்பா?"

"கோழிய எடுத்துரு. தேங்காப்பால் ஊத்து. சொதி. இஞ்சிப் பச்சடி உண்டுமான்னு கேளு."

கேட்கவில்லை. ஃப்ரீட் வரவழைத்துக் கொடுத்தேன். சொதிக்கு உருளைக்கிழங்கு வறுவல் தோதுதானே. அதற்கு மேல் அந்த மனிதருக்குக் குறையே இல்லை.

சித்தியின் கதை வேறு. கென்ட்டில் 2009லிருந்து வியாழக்கிழமை சைவ நாளாகக் கொண்டாடப்படுகிறது என்று சொன்னதும் ஊர் மேல் மரியாதை வந்துவிட்டது. "கிழமைதான் தப்பு, புத்தி சரி" என்றார். விட்லோஃப் என்று இருட்டிலேயே வளர்க்கும் கசப்புக் கீரைக்குருத்து ஒன்று இங்கே பிரபலம். ஹாமில் சுற்றி, மேலே சீஸ் சாஸ் ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். இங்கத்திய பிள்ளைகளை அழவைக்கும் பதார்த்தம். சித்தி அதை வெள்ளிக்கிழமை தாளித்து, தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணிவிட்டார். என் அலுவலக நண்பர் ஒருவர் ருசி பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி வாங்கிப் போனார்.

வாஃபிளைப் பற்றி நீட்ட வேண்டாம். லியேஜ் வகையில் முத்துச் சர்க்கரை உருகிப் பிடித்திருக்கும், அதை வெறுமனே தின்ன வேண்டும். க்ரீமும் ஸ்ட்ராபெரியும் குவிப்பது டூரிஸ்டுகளுக்கு.

கிளம்புமுன் கடற்கரைப் பக்கம் அழைத்துப்போனேன். ஓஸ்ட்டயின்கெர்க்கவில் குதிரை மேல் ஏறிக் கடலுக்குள் இறங்கி வலையிழுத்து இறால் பிடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. யுனெஸ்கோ 2013ல் அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குட்டிச் சாம்பல்நிற இறாலை வைத்துச் செய்யும் க்ரோக்கெட்டும், மேலே பொரித்த பார்ஸ்லியும், பிழிய எலுமிச்சையும் வந்தன. சித்தப்பா சொக்கிப்போயிருந்த நேரம் பார்த்து, வடகடலில் பிடிக்கும் இந்த வகை இறாலில் பெரும்பங்கு உரிப்பதற்காக மொராக்கோ வரை லாரியில் போய்த் திரும்பி வருகிறது என்றேன்.

"உரிக்கவா? மொராக்கோவுக்கா? கூறுகெட்ட பயலுவ. உங்க சித்திகிட்ட குடுத்தா அரை மணி நேரத்துல உரிச்சுத் தந்துருவாளே!"

சித்தி க்ரோக்கெட்டின் மேல் எலுமிச்சையைப் பிழிந்தபடி சொன்னார்: "ஆமா. நம்ம வீட்டு மொராக்கோ நாந்தான்."