துறைக்குள் நடக்கும் அரசியல்: ஆய்வு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

பல்கலைக்கழகத் துறைக்குள் நடக்கும் அரசியல் விரிவுரையாளரின் வேலைத் திருப்தியையும் நிறுவனப் பற்றையும் எப்படிப் பாதிக்கிறது என்பதே ஆய்வு. கொழும்பில் எந்த விரிவுரையாளரிடமும் வேலை எப்படி என்று கேட்டால், "பிள்ளைகளோடு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றுதான் பதில் தொடங்கும். அதை வேலைத் திருப்தி என்று பதிந்துவிட்டால் ஆய்வு அங்கேயே பிழையாகிவிடும். வகுப்பறைக் கதவைச் சாத்திய பிறகு துறைத்தலைவர் வருவதில்லை. கதவுக்கு வெளியேதான் அரசியல். ஆகவே கற்பித்தல், ஆராய்ச்சி, நிர்வாகம், பதவியுயர்வு நான்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். மொத்தத் திருப்தி என்ற ஒற்றைக் கேள்வி வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

கக்மாரும் கார்ல்சனும் 1997இல் திருத்திய, ஊழியர் உணரும் நிறுவன அரசியலை அளக்கும் அளவுகோலில் 15 கூற்றுகள்: பொதுவான அரசியல் நடத்தை 2, ஒத்துப்போய் முன்னேறுதல் 7, சம்பளமும் பதவியுயர்வும் 6. அரச பல்கலைக்கழகத்தில் சம்பளத் திட்டம் எல்லோருக்கும் ஒன்றே. துறைத்தலைவரால் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சம்பளம் பற்றிய கூற்றுகள் இங்கே ஒன்றையும் அளக்கா. அவர் கைக்குள் இருப்பவை வேறு: நேர அட்டவணை, விடுமுறைப் பரிந்துரை, பரீட்சைக் கடமை. அவற்றைச் சேர்த்தால் நம்பகத்தன்மையை மறுபடி சோதித்தே ஆக வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி பீடாதிபதியைப் பீடச்சபை தெரிவுசெய்கிறது. வாக்குக் கேட்பவர்தான் பிறகு வேலைப் பங்கீட்டிலும் கை வைப்பவர். வெள்ளி பின்னேர விரிவுரை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் போன தேர்தலில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது தெரிந்துவிடும். தமிழ்மூலம் கற்பிப்போர் சிலரே உள்ள துறையில் வினாத்தாள் மொழிபெயர்ப்பும் அவர்களுக்குத்தான். அது வேலைச்சுமைக் கணக்கில் ஏறுவதேயில்லை. மிக மோசமான நிலை தகுதிகாண் விரிவுரையாளருடையது. நியமனத்தை உறுதிப்படுத்துவதும் கல்வி விடுமுறையும் பரிந்துரையில் தொங்கும்போது அவர் சபையில் வாய் திறப்பாரா?

மார்ச் 14, வெள்ளி

மேயரும் அலனும் 1991இல் பிரித்த மூன்று வகை நிறுவனப் பற்றுகளை இங்கே கட்டாயம் பிரித்தே பார்க்க வேண்டும்: நிறுவனத்தின் மீதான விருப்பு, விட்டுப்போனால் வரும் இழப்பு, கடமையுணர்வு. அரசியல் அரிப்பது முதலாவதை. வெளிநாட்டுப் படிப்புக்காக, திரும்பிவந்து வேலை செய்வதாக எழுதிக்கொடுத்த பிணை, வயது, அதே பாடத்துக்கு வேறு இடமின்மை எல்லாம் இரண்டாவதை இறுக்கிப் பிடிக்கின்றன. ஆள் போகமாட்டார், பாடத்திட்டத் திருத்தக் குழுவுக்குப் பெயரும் கொடுக்கமாட்டார். "விலகும் எண்ணம் குறைவு" என்ற முடிவை நிர்வாகம் நற்செய்தியாக வாசிப்பது பெரும் ஆபத்து.

மார்ச் 19, புதன்

ஒன்பது பேர் உள்ள துறையில் பதவி, பால், கற்பிக்கும் மொழி மூன்றையும் கேட்டால் ஆளைப் பெயர் சொல்லிக் கேட்டது போலத்தான். துறையைக் கேட்காதீர்கள், சேவைக்காலத்தைப் பரந்த பிரிவுகளாகக் கேளுங்கள். படிவம் துறைத்தலைவர் கைவழியே போகக் கூடாது. அரசியல் பற்றிய கூற்றுகளையும் திருப்தி, பற்று போன்ற மனப்பாங்குக் கூற்றுகளையும் ஒரே இருக்கையில் கொடுத்தால், அன்றைய எரிச்சல் இரண்டிலும் ஏறித் தொடர்பை ஊதிப் பெருக்கும். மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். பீடாதிபதித் தேர்தல் மாதத்தைத் தவிருங்கள்.

மார்ச் 24, திங்கள்

ஃபெரிஸ் குழுவின் 1989 நிறுவன அரசியல் மாதிரியில், ஊழியருக்கு நடப்பது புரிந்து, தன் கைக்கும் கொஞ்சம் பிடி இருந்தால் அரசியலின் பாதிப்பு தணியும். செய்யக்கூடியதும் அதுதான். விரிவுரை மணித்தியாலம், விடைத்தாள் எண்ணிக்கை, மொழிபெயர்ப்பு எல்லாம் பெயர்வாரியாக ஒரே தாளில், எல்லோரும் பார்க்கும் இடத்தில். பதவியுயர்வு மறுக்கப்பட்டவருக்கு அவர் பெற்ற புள்ளிகளின் விவரம் எழுத்தில். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மறுப்பை எதிர்த்து முறையிடப் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை இருக்கிறது.