கார்டிசாலைத் துரத்திக்கொண்டிருந்த எட்டு மாதம்

பதினாறு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் வீங்கி ஒரு வாரத்தில் விரையும் வீங்கியது. வெட்கத்தில் வீட்டில் சொல்லவே இல்லை. அதற்கு வட்டியும் முதலுமாக 41 வயதில் கட்ட ஆரம்பித்தேன். எந்நேரமும் அசதி, எதிலும் ஆசை இல்லை, சட்டை மாட்டினால் தோள் மட்டும் தொளதொளவென்று கிடக்கும். காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டு முறை ரத்தம் கொடுத்ததில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரான் 148, அடுத்து 161. 300க்கு மேல் இருக்க வேண்டியது. விரைக்கு மூளை அனுப்பும் உத்தரவு ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டும் எகிறியிருந்தன. மூளை கத்திக்கொண்டே இருக்கிறது, கீழே கேட்க ஆள் இல்லை என்று ஹார்மோன் டாக்டரம்மா விளக்கினார். சிகிச்சைக்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, இன்னொரு குழந்தை வேண்டுமா என்பதுதான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரான் போனால் உடம்பு விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடுமாம். எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள், போதும் என்றோம்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, 250 மில்லிகிராம், டெஸ்டோஸ்டிரானின் நான்கு எஸ்டர்கள் (வெவ்வேறு வேகத்தில் கரையும் வடிவங்கள்) கலந்தது. சீட்டை நீட்டியதும் மெடிக்கல் ஷாப் பையன் என் தொப்பையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஜிம்முங்களாண்ணா?" என்றான். எண்ணெய் மருந்து. நர்ஸ் அக்கா அந்தச் சின்னக் குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார், கொஞ்சம் சூடேறினால்தான் சிரிஞ்சில் ஏறுமாம்.

முதல் மாதம் பிரமாதம். பொய் சொல்ல மாட்டேன், பத்து வருடம் இளமையாகிவிட்டதாகவே நினைத்தேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு விடியற்காலை 4 மணிக்கு முழிப்பு வர ஆரம்பித்தது. சும்மா முழிப்பு இல்லை, யாரோ கதவைத் தட்டியதுபோல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று அடிவயிறு சொல்லும், ஆனால் என்ன கெட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு ராத்திரி தாங்க முடியாமல் மச்சானை எழுப்பி பைக்கில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தார்கள், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், எல்லாம் நார்மல். "கேஸ் ட்ரபிள்" என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் எது வந்தாலும் கேஸ்தான்.

அப்புறம்தான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோனாம், கார்டிசால் என்ற வார்த்தை கண்ணில் பட்டது, அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. டாக்டரிடம் கேட்காமல் நானே லேபுக்குப் போய் காலை கார்டிசால் பார்த்தேன். 29. ரிப்போர்ட்டில் மேல் எல்லை 19 சொச்சம். பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று பார்த்தபோது பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது, கடைசியில் நம்மைப் பிடித்திருக்கும் பேய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே என்று. ராத்திரி பாலில் அமுக்கரா சூரணம், காலையில் மெக்னீசியம். 'அட்ரீனல் களைப்பு' என்று சொன்ன வீடியோ எல்லாவற்றையும் பார்த்தேன். (அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் அங்கீகரிப்பதே இல்லை என்பது பிறகு தெரிந்தது.) எட்டு மாதம் இதிலேயே போனது. கார்டிசாலும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தது என் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக் கரண்டி கீழே விழுந்த சத்தத்துக்கு நான் போட்ட கூச்சலைக் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டாள், "ஏனுங்க, ஊசி போட்டு எத்தனை நாளாச்சு?"

இரண்டு நாள்.

அன்றிலிருந்து சமையலறை மாதக் காலண்டரில், ராகு காலம் எமகண்டத்துக்குப் பக்கத்தில், அவளே குறிக்க ஆரம்பித்தாள். ஊசி போட்ட நாளுக்கு வட்டம், நான் நான்கு மணிக்கு எழுந்த நாளுக்குப் புள்ளி. இரண்டு மாதத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லும். வட்டத்தை ஒட்டி நான்கைந்து நாள் புள்ளிகள், அப்புறம் வெள்ளை, கடைசி மூன்று நாள் மறுபடி புள்ளி. முதல் கொத்தில் படபடப்பு, கடைசிக் கொத்தில் எரிச்சலும் அழுகையும்.

தாள்களை மடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் கேட்டது வேறு: "இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க." கடைசியில்தான் முடி கொட்டுகிறதே என்று நானாக வாங்கிச் சாப்பிட்ட பயோட்டின் மாத்திரையைச் சொன்னேன், தினம் 10 மில்லிகிராம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பல லேப் மெஷின்கள் பயோட்டினைப் பிடித்து ஒட்டும் முறையில்தான் ஹார்மோனை அளக்கின்றனவாம். ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் கணக்கு குழம்பி கார்டிசால், டெஸ்டோஸ்டிரான் எல்லாம் இல்லாத உயரத்தைக் காட்டுமாம், தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச் மாதிரி சிலது குறைத்தும் காட்டுமாம். போதாததற்கு ராத்திரி முழுக்கத் தூங்காமல், ஊசியை நினைத்து நடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்த ரத்தம் வேறு.

பயோட்டினையும் அமுக்கராவையும் நிறுத்தச் சொன்னார். அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறதாம், அது இயற்கைதானே என்ற என் வாதம் எடுபடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் காலை கார்டிசால் 14. சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது என்று, ராத்திரி 11 மணிக்கு கார்டிசாலை அடக்கிப் பார்க்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை 1 மில்லிகிராம் போட்டு மறுநாள் காலை 8 மணிக்கு மறுபடி ரத்தம். 1.8க்குக் கீழே அடங்க வேண்டும், எனக்கு 0.9. எட்டு மாதம் நான் துரத்தியது என் உடம்பிலேயே இல்லாத ஒன்றை. விடியற்காலையில் கார்டிசால் ஏறுவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்றார். மற்றவர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நான் முழித்துக்கொண்டு அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்ட இரண்டாம் நாள் டெஸ்டோஸ்டிரான் 1,380. இருபதாம் நாள் 215. மூன்று வாரத்துக்குள் மலை ஏறி மலை இறங்கினால் மனுஷன் என்ன ஆவான்? ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதமான ஹீமட்டோகிரிட்டும் 52க்கு வந்திருந்தது. 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். படபடப்பையும் அவர் லேசாக விடவில்லை, 24 மணி நேரம் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிவிட்டார். டெஸ்டோஸ்டிரான் சிகிச்சை பற்றி 2023இல் வெளிவந்த டிராவர்ஸ் ஆய்வில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்ததில், மாரடைப்பு அதிகமாகவில்லை, ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பும் துடிப்பு கொஞ்சம் கூடியிருந்ததாம். எனக்கு அது இல்லை.

முதலில் ஜெல்லுக்கு மாற்றினார், தினம் காலை தோளில் 50 மில்லிகிராம். அளவு சீராகத்தான் இருந்தது. ஆனால் என் மகளுக்கு ஒன்பது வயது, பின்னாலிருந்து ஓடி வந்து தோளில் தொங்குவாள். மருந்து குழந்தை மேல் ஒட்டக் கூடாது. பனியன், சட்டை, காய்வதற்குக் காத்திருப்பது, கையைக் கழுவுவது, திருப்பூர் வெயிலில் வேர்வை. அவள் கிட்டே வந்தாலே நான் விலக ஆரம்பித்தேன், அது இன்னொரு புதுப் பயமானது. மூன்றே மாதம்தான். அப்புறம் 1,000 மில்லிகிராம் அண்டெகனோயேட் ஊசிக்கு (மெதுவாகக் கரையும் டெஸ்டோஸ்டிரான்) வந்தோம், ஆறு வாரத்தில் இரண்டாவது, பிறகு 12 வாரத்துக்கு ஒன்று. நாலு மில்லி எண்ணெயை மெதுவாக இரண்டு நிமிடம் ஏற்றுவார்கள், அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். சிலருக்கு இருமலும் மூச்சடைப்பும் வரலாமாம். முதல் தடவை அந்த அரை மணி நேரத்தில் நான் இருமாமல் இருப்பதற்குப் பட்ட பாடு!

அளவு சீரானதும் பயம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். பாதிதான் போனது. எட்டு மாதம் நாடியை எண்ணிப் பழகிய விரல் சும்மா இருக்குமா? ஹார்மோன் டாக்டரே மனநல மருத்துவரிடம் அனுப்பினார். பதற்றத்துக்கான எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை, 5 மில்லிகிராமில் தொடங்கி 10. முதல் பத்து நாள் பதற்றம் கூடியது, நல்லவேளை முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆசையைக் குறைக்கக்கூடிய மாத்திரையும் அதுவே என்று தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது, எதற்காக முதல் ஊசி போட்டேனோ அதற்கே வேட்டு. ஓரளவு குறைந்தது உண்மை. ஒன்பது மாதத்தில் படிப்படியாக நிறுத்தினோம். நானாக நிறுத்தவில்லை, அவர் சொன்னபடி.

அவர் கொடுத்த வேலைகளில் கஷ்டமானது கைக்கடிகாரத்தைக் கழற்றியது. நிமிடத்துக்கு நிமிடம் துடிப்பைக் காட்டும் அதை மச்சானுக்கே கொடுத்துவிட்டேன். எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு ஒரு நாளைக்கு ஏழு டீ என்பது சாதாரணம். இப்போது மூன்று, மாலை 3 மணிக்கு மேல் கிடையாது. நான்கு மணிக்கு முழிப்பு வந்தால் கட்டிலில் புரளாமல் எழுந்து போய் மாவுக் கிரைண்டரைத் துடைப்பேன், மூச்சை நீளமாக வெளியே விட்டபடி. மருந்தா, ஊசி மாற்றமா, டீயா, எது வேலை செய்தது என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

காலண்டரில் இப்போதும் வட்டம் போடுகிறாள். புள்ளி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். போன மாதப் புள்ளிக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் சின்னதாக 'ஷிப்மென்ட்' என்று இருந்தது.