சமயக் கருத்துவேறுபாட்டுக் கேள்வியை எப்படி அணுகுவது?

சமய மெய்யியல் தாளில் "நன்கு சிந்திக்கிற இருவர் கடவுளைப் பற்றி முரண்பட்டால், இருவர் நம்பிக்கையும் பகுத்தறிவுக்கு ஏற்றதாக இருக்க முடியுமா?" என்ற மாதிரிக் கேள்வி வரும். உடனே பலர் கடவுள் உண்டா இல்லையா என்று எழுதப் போய்விடுகிறார்கள். கடவுள் உண்டு என்று வாதிட்ட அன்செல்ம், அக்வினாஸ் என்று பக்கம் நிறையும், கேட்டதற்குப் பதில் இருக்காது. யார் சொல்வது உண்மை என்பதையே இங்கே யாரும் கேட்கவில்லை.

நான் படிக்கத் தொடங்கியது வில்லியம் ரோ 1979இல் எழுதிய கட்டுரையிலிருந்து. அவர் நாத்திகர். ஆனாலும் ஆத்திகரின் நம்பிக்கைக்கும் நியாயம் இருக்கலாம் என்கிறார். அவர் தரும் உதாரணம் இது: நீங்கள் போன விமானம் கடலில் விழுந்துவிட்டது, ஒருநாள் முழுக்கத் தேடியும் யாரும் கிடைக்கவில்லை. நீங்கள் இறந்துவிட்டதாக நண்பர்கள் நம்புவதில் தவறே இல்லை. நீங்களோ மிதவை அங்கியோடு அலையில் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்!

இதை எழுதினால் அடுத்த கேள்வியையும் நீங்களே கேட்டுவிடுங்கள். இங்கே இரு தரப்புக்கும் கிடைத்த சான்று வேறு வேறு. எல்லாச் சான்றையும் பகிர்ந்த பிறகும் முரண்பாடு தீரவில்லை என்றால்? ரிச்சர்ட் ஃபெல்ட்மன் 2007இல் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அப்போது இருவரும் தீர்ப்பை நிறுத்திவைப்பதே, அதாவது உண்டு என்றோ இல்லை என்றோ நம்பாமல் இருப்பதே முறை என்பது அவர் முடிவு. தாமஸ் கெல்லி இதை ஏற்கவில்லை. சான்றைச் சரியாக எடைபோட்டவர், எதிராளி மறுக்கிறார் என்பதற்காக மட்டும் பின்வாங்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. இருவரையும் மோதவிட்டாலே பாதி விடை தயார்.

அதிகம் உழைக்க வேண்டியது இதற்கு அப்புறம்தான். ஓட்டல் பில்லை இருவர் பங்கு பிரிக்கிறார்கள், ஒருவருக்கு 43 வருகிறது, மற்றவருக்கு 45. இருவரும் சமமான திறமைசாலிகள் என்றால் இருவருமே தம் கணக்கைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு டேவிட் கிறிஸ்டென்சன் தரும் இந்த உதாரணத்தை எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் பில் தகராறு கால்குலேட்டரில் தீர்ந்துவிடும். சமயத்தில் எது சான்று என்பதே தகராறு. ஒருவர் தன் இறையனுபவத்தைச் சான்று என்கிறார், மற்றவர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அப்படியிருக்க இருவரும் சமமானவர்கள் என்று யார், எந்த அளவுகோலால் சொல்வது? இறையனுபவமும் புலனறிவைப் போல நம்பிக்கைக்கு ஆதாரமாகலாம் என்று வாதிடும் வில்லியம் ஆல்ஸ்டனின் 1991 நூலை இங்கே கொண்டுவாருங்கள், நன்றாகப் பொருந்தும்.

பீட்டர் வான் இன்வேகனையும் விடாதீர்கள். அரசியலிலும் மெய்யியலிலும் இதே அளவு முரண்பாடு இருக்கும்போது சமயத்துக்கு மட்டும் ஏன் கறாரான விதி என்று கேட்கிறார். எனக்கு இது சரியான கேள்வியாகவே படுகிறது, ஆனால் ஃபெல்ட்மனுக்கு இது முழுப் பதில் ஆகாது. அரசியலிலும் நிறுத்திவையுங்கள் என்று அவர் சொல்லிவிடலாமே.

போதிய சான்றில்லாமல் எதையும் நம்பக் கூடாது என்றவர் கிளிஃபர்ட், சில வேளை நம்பலாம் என்றவர் வில்லியம் ஜேம்ஸ்; இந்த விவாதத்துக்கு ஒரு பத்தி போதும். நேரம் மிஞ்சினால், 'முரண்பாடு வந்தால் பின்வாங்கு' என்ற கொள்கையையே பலர் மறுக்கிறார்களே, அதிலிருந்தும் பின்வாங்க வேண்டுமா என்று கேட்டு எழுதுங்கள்.