பாலையும் பனியும் ஒரே நாளில்

லடாக்கின் லே நகரிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங்லா கணவாயில் வாழ்வில் முதன்முறையாகப் பனியைத் தொட்ட என் அம்மா, ஒரு பிடி பனியை அள்ளிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். உயிர்வளி குறைவான இடம் என்பதால், கால் மணி நேரத்திற்கு மேல் அங்கே நிற்க நண்பர்கள் எங்களை விடவில்லை. அது சரியான முடிவுதான்.

அன்று மாலையே நூப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டர் மணல்மேடுகளில், பட்டுப்பாதை வணிகக் காலத்தின் எச்சமாக இன்றும் வாழ்கின்ற இரட்டைத் திமில் ஒட்டகங்களின் அருகே அமர்ந்திருந்தோம். கொத்துக் கொத்தாக உரோமம் உதிர்ந்துகொண்டிருந்த ஓர் ஒட்டகத்தின் கழுத்தை அம்மா நெடுநேரம் தடவிக்கொடுத்தார்.

சென்ற ஆண்டு அந்தமானின் ஹேவ்லாக் தீவில், ராதாநகர் கடற்கரையில், அலைக்கு அஞ்சிக் கால் நனைக்காமல் நின்றவர் அவர். இரவு உணவின்போது, அடுத்து ராஜஸ்தானின் பாலைவன நகரான ஜெய்சல்மேர் போகலாமா என்று அவரே கேட்டார்.