ஒன்பது குப்பிகள்

மயக்க மருந்து பட்டதும் சிலருக்குத் தசை இறுகி உடல் கொதிக்கும் நெருக்கடி ஒன்று உண்டு, பெயர் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. அதற்கான மருந்துதான் டான்ட்ரோலின். காலாவதியான டான்ட்ரோலின் குப்பிகளை நான் எறிவதில்லை. பயிற்சிக்கு என்று எழுதி ஒட்டித் தனியாக வைத்திருக்கிறேன். நேற்று மாலை அறுவை அரங்கு ஓய்ந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த செவிலியரிடம் ஒன்றைக் கொடுத்துக் கரைக்கச் சொன்னேன்.

உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள் தூள், 20 மில்லிகிராம். அதில் 60 மில்லிலிட்டர் நுண்ணுயிர் நீக்கிய நீரை ஏற்ற வேண்டும். உப்புநீரோ குளுக்கோஸோ கூடாது. குலுக்கினார், கலங்கலாகவே இருந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடியில் இன்னும் துணுக்குகள். மறுபடியும் குலுக்கினார்.

"ஒன்றுக்கே இவ்வளவு நேரமா, டாக்டர்?"

70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணை மட்டும் 175 மில்லிகிராம். ஒன்பது குப்பிகள், அரை லிட்டருக்கு மேல் நீர். 250 மில்லிகிராமை வெறும் 5 மில்லிலிட்டரில் கரைக்கும் புதிய வகை வந்துவிட்டது. எங்களிடம் இருப்பது பழையதுதான்.

தசை செல்லுக்குள் சார்கோபிளாச வலை என்றொரு சவ்வுப் பை இருக்கிறது. கால்சியம் அதற்குள் அடைபட்டிருக்கும். நரம்பின் கட்டளை வந்ததும் ரயனோடின் ஏற்பி என்ற கதவு திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். பிறகு பம்புகள் அதைத் திரும்ப உள்ளே இறைத்துவிடும். பிறவியிலேயே அந்தக் கதவில் கோளாறு உள்ள சிலருக்கு, ஹாலோத்தேன், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களோ, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தோ பட்டால் கதவு மூடுவதே இல்லை. பம்புகள் ஓயாமல் இறைக்கின்றன, தசை இறுகுகிறது, உடல் கொதிக்கிறது. காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள், மூச்சில் வெளியேறும் கரியமில வாயுதான் பெரும்பாலும் முதலில் ஏறும். டான்ட்ரோலின் அந்தக் கதவையே பிடித்து, கால்சியம் பாய்வதை அடக்குகிறது. அதற்கு மக்னீசியத்தின் துணையும் வேண்டும் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

1960-இல் டென்பரோ, லவல் என்ற மருத்துவர்கள் இருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதிய குறிப்பில் ஓர் இளைஞர் வருகிறார். கால் முறிந்திருந்தது, அவர் பயந்ததோ மயக்க மருந்துக்கு. உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். அப்போது இந்த மருந்து இல்லை. 1975-இல் தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன் என்ற மயக்க மருத்துவர் பன்றிகளிடம் இதன் பலனைக் காட்டினார். இந்த நெருக்கடியில் முன்பு பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையை மாற்றியதில் இந்த மஞ்சள் தூளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் கரைக்கக் கைகள் வேண்டும். மயக்க மருத்துவர் நோயாளியை விட்டு நகர முடியாது. அடுத்த வாரம் நான்கு பேரை நிறுத்தி, ஒன்பதையும் கடிகாரம் வைத்துக் கரைக்கச் சொல்லப்போகிறேன். செவிலியர் இரண்டாவது குப்பியை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.