ரகசியம் காப்பேன், ஆனால்...

கவுன்சலிங் முதுகலையில் இரண்டாம் செமஸ்டர் முடிந்தது. புள்ளியியலைப் பற்றிப் பேச வேண்டாம், பாஸ் ஆனால் போதும்.

மனதில் நின்றவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை நிபந்தனையற்ற ஏற்பு, பரிவோடு புரிந்துகொள்ளுதல், போலியில்லாத தன்மை என்று 1957-இலேயே எழுதி வைத்தார். படிக்க எளிதுதான். நாகர்கோவில் வகுப்பில் ரோல்பிளே செய்தபோது, அதாவது ஆலோசனைச் சந்திப்பை நடித்துப் பார்த்தபோது, எனக்கு எட்டாம் வகுப்புப் பையன் வேடம். "அப்பா தேங்காப்பட்டணத்திலேருந்து கடலுக்குப் போனா ராத்திரி தூக்கம் வராது டீச்சர்" என்றேன். எதிரே ஆலோசகராக இருந்த தோழி சட்டென்று, "கவலப்படாத மக்களே, ஒண்ணும் ஆவாது" என்றாள். பாசம்தான். ஆனால் எனக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. மீனவர்கள் பலரைக் கடலில் பலிகொண்ட 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் எந்தப் பிள்ளை அதை நம்பும்?

இன்னொன்று, ரகசியம் காப்பது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது. எதையெல்லாம் வெளியே சொல்ல வேண்டிவரும் என்பதை முதல் சந்திப்பிலேயே, அதுவும் பிள்ளைக்குப் புரியும் பேச்சில், சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பாடத்துக்கே ஒரு செமஸ்டர் கொடுக்கலாம்.